முதலில் உங்கள் பெயரில் ஒரு சீட்டு போடுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். மாமியாருக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆறு மாதமாக மறதியும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, இரவில் நாலு தடவை எழுந்து பார்ப்பது எல்லாம் இவர்தான். இங்கிலாந்தில் இருக்கும் சித்தி மகள், "இங்கே குடும்ப டாக்டரிடமே பராமரிப்பாளர் என்று பேரைப் பதிந்துவைப்பார்கள்" என்றாளாம். நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா, நம் டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம், காற்று மெத்தை வாங்கலாமா என்கிறார். கடைசியில் ஒரு வரி: "எனக்கு முடியலை என்று டாக்டரிடம் சொன்னால் தப்பாக நினைப்பாரா?"

மற்றதெல்லாம் அந்தக் கடைசி வரியைக் கேட்பதற்காகக் கேட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அதற்கு முதலில் பதில். தப்பாக நினைக்க மாட்டார். நினைத்தால், அம்மணி, டாக்டரை மாற்றுங்கள்.

சத்தி ரோட்டில் ஒரு சின்ன ஊரில் 26 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தப் பதிலில் முக்கால்வாசி அங்கே உட்கார்ந்து கற்றது, அதிலும் பாதி தப்புச் செய்து கற்றது. ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருமகள் தன் மாமனாரை மாதம் தவறாமல் கூட்டிவருவார். நாலு வருடம். மாமனாருக்கு பிபி பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, எந்த மாத்திரை தீர்ந்தது, எந்த நாள் மலம் போகவில்லை என்று ஒப்பிப்பார். ஒரு நாள் முகம் வீங்கின மாதிரி இருந்தது. "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க டாக்டரு, நான் கல்லாட்டம் இருக்கறன். மாமனைப் பாருங்க" என்றார். நானும் மாமனைப் பார்த்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். பிபி 210-க்கு 120. நாலு வருடம் என் கைக்கு இரண்டடி தூரத்தில் நின்ற கையில் ஒரு தடவைகூட பிபி பட்டையைச் சுற்றவில்லை நான். ஏன் என்றால் அவர் பெயரில் நோயாளிச் சீட்டு இல்லை. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் படுக்கை நோயாளியைக் கூட்டிவருகிறவருக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லிவிட்டேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

சித்தி மகள் சொன்னது சரிதான், ஆனால் பாதி. இங்கிலாந்தில் குடும்ப டாக்டரின் கோப்பில் "இவர் பராமரிப்பாளர்" என்று குறித்துவைப்பார்கள். அதனால் கைக்குப் பணம் எதுவும் வராது. குளிர்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ ஊசி இலவசமாகக் கிடைக்கும். எங்கே போய் உதவி கேட்பது என்று வழிகாட்டுவார்கள். 2014-ல் வந்த பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்பவருக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டுப் பார்க்க வேண்டியது அங்கே உள்ளாட்சியின் பொறுப்பு. உதவித்தொகை தனித் துறை. வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொண்டால்தான் அது, சம்பாத்தியத்துக்கும் வரம்பு உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு வாரம் விடுப்பு கேட்கும் உரிமை 2024 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் சம்பளமில்லாமல். நமக்கு அப்படிப் பதிவேடு ஏதும் கிடையாது. ஆனால் பதிவேட்டினால் நடக்கிற முக்கியமான காரியம், டாக்டர் கண்ணில் நீங்கள் படுவது. அதற்கு நம் ஊரில் ஒரு டோக்கன் போதும்.

எனவே அடுத்த முறை உங்கள் பெயரில் டோக்கன் வாங்குங்கள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு யாரையாவது உட்காரவைத்துவிட்டுப் போங்கள். மாலை ஏழு மணிக்குப் போனால் எந்த டாக்டரும் காது கொடுக்க மாட்டார், வெளியே நாற்பது பேர் நிற்பார்கள். காலை கூட்டம் கலைந்த பிறகு, பன்னிரண்டு மணி வாக்கில் போங்கள். உட்கார்ந்ததும் "இடுப்பு வலிக்குது" என்று ஆரம்பிக்காதீர்கள். ஊசி போட்டு அனுப்பிவிடுவோம், எங்கள் கை அப்படிப் பழகிவிட்டது. "இரண்டு வருடமாக மாமியாரை நான் ஒருத்திதான் பார்க்கிறேன், தூக்குகிறேன், ராத்திரி தூக்கம் இல்லை" என்று ஆரம்பியுங்கள். பிபி, சர்க்கரை, ரத்த அளவு, தைராய்டு நாலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். களைப்பு எல்லாம் மனக்கஷ்டம் என்று நினைத்திருந்த பெண்களில் எத்தனையோ பேருக்கு ரத்த சோகை இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு ஊட்டிவிட்டு மீந்ததைச் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் எங்கிருந்து ஊறும்? அதோடு இரண்டு கேள்விகளை நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். இந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு சோர்ந்து கிடந்ததா? முன்பு பிடித்திருந்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லையா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு, பெரும்பாலானவர்களுக்குக் கேட்கவும் கேட்கிறது.

இரண்டாவது விஷயத்தைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் டாக்டரால் மட்டுமே செய்யக்கூடியது. உங்கள் தூக்கம் மாமியாரின் மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதியது, மருந்துக்கடையில் கொடுத்தது, பக்கத்து வீட்டில் வாங்கியது எல்லாம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து வேளை கொடுப்பதைப் பல சமயம் இரண்டு வேளைக்குக் கொண்டுவந்துவிடலாம். நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறீர்கள் என்றால் இரவு நாலு தடவை எழுப்பாமல் என்ன செய்வார்? அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் இரவு முனகுவார். விழுந்த பக்கத்துத் தோளில் வலி இருந்தால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் விழிப்பார், வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பகல் முழுக்கத் தூங்கவிட்டால் இரவில் விழித்திருப்பார். காலை வெயிலில் திண்ணையில் சாய்த்து உட்காரவைத்தாலே கொஞ்சம் மாறும். இரண்டே நாளில் திடீரென்று குழப்பம் அதிகமாகி, ஆளே மாறிப்போன மாதிரி இருந்தால் அதை மறதி முற்றிவிட்டது என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, சளியோ, உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ராத்திரி தூங்கவைக்க ஏதாவது குடுங்க" என்று கேட்டால் கொடுக்கிறவர்கள் உண்டு. மறதி நோய் உள்ள வயதானவர்களுக்கு மனநோய்க்கான சில மாத்திரைகளைக் கொடுத்தால் வாதமும் மரணமும் கூடுகின்றன. அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். மீதிப் பாதியை நீங்கள் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் அதை ஒத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, உங்கள் இடுப்பு. கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்குகிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன், எல்லாரும் அப்படித்தான். அதில் உங்கள் இடுப்பும் போகும், அவருடைய விழுந்த தோளும் நழுவும். ஒரு பருத்திப் போர்வையை நாலாக மடித்து நகர்த்தும்போது மட்டும் அவர் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் போட்டு, அதைப் பிடித்து இழுத்தால் ஆளைத் தூக்காமல் நகர்த்தலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய நல்ல பக்கம், அதாவது இடது பக்கம் இருக்க வேண்டும். கட்டில் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தால் துணி மாற்றும்போது குனிய வேண்டாம்; நாலு காலுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி அசையாமல் வைக்கலாம், ஆனால் அவர் தானாக இறங்க முயல்கிறவர் என்றால் உயர்த்தாதீர்கள். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து ஒரு தடவை செய்து காட்டினால் போதும். டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு அரசு வழியும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி, படுக்கை நோயாளிக்கு நோய்த்தணிப்பு நர்ஸ் பராமரிப்பு இரண்டும் அதே திட்டத்தில் இருக்கின்றன. புண்ணுக்குக் கட்டுவது, சிறுநீர்க் குழாயைப் பார்ப்பது அந்த நர்ஸின் வேலை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மாமியார் பெயரைப் படுக்கை நோயாளி என்று பதியச் சொல்லுங்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண் உங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார், அவரிடம் சொன்னாலும் நடக்கும். ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர்கள் ஆகையால் தினம் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வந்துபோன ஊர்களும் உண்டு, இரண்டு மாதம் ஆளே வராத ஊர்களும் உண்டு.

பணத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தீர்களா? வாதத்தில் கைகால் விழுந்தவர்களும் அதில் வருவார்கள். இது வயசானவர்களுக்கு இல்லை, பிறவியில் ஊனமுற்றவர்களுக்குத்தான் என்று நம் பக்கம் ஒரு எண்ணம் இருக்கிறது. தப்பு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வயது வரம்பு ஏதும் கிடையாது. கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால், தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023-லிருந்து அது மாதம் 2000 ரூபாய். அதே சட்டத்தில், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்றும் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் டாக்டர் செய்ய வேண்டியது, ஸ்கேன் அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் வைத்து, இன்றைய நிலையில் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று விவரமாக ஒரு கடிதம். "பக்கவாத நோயாளி" என்று ஒற்றை வரியில் எழுதிக்கொடுத்தால் திருப்பிக் கொடுத்து விரிவாகக் கேளுங்கள். வீட்டுக்காரர் வருமான வரி கட்டுகிறவர் என்றால், பழைய முறையில் கட்டும் பட்சத்தில், 40 சதவீதம் ஊனத்துக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய்த் திட்டம் ஒன்று உண்டு. 600 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதையாவது ஒரு அரசாங்கம் எழுதிவைத்திருக்கிறது.

நாலாவதாக ஒரு கடிதம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது, நானாகச் செய்து பார்த்தது. உங்கள் கொழுந்தனாரும் நாத்தனாரும் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், வந்து "அம்மா எளைச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரம்பரைக்குக் காப்பி போடுவதும் உங்கள் வேலைதான். நீங்கள் "எனக்கு முடியலை" என்றால் அது குறையாகக் காதில் விழும். அதையே டாக்டர் தன் சீட்டில், "இவருக்கு முதுகுத் தண்டு வட்டு விலகல் ஆரம்பம். ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. வாரம் இரண்டு இரவு நோயாளியை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் அது வைத்தியம் ஆகிவிடுகிறது. பொய் எழுதச் சொல்லவில்லை. இருப்பதை எழுதினாலே போதும், இருப்பதே அவ்வளவு இருக்கும். இப்படி எழுதிக்கொடுத்து, அண்ணன் தம்பி முறை போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்த வீடுகள் உண்டு. சீட்டைப் படித்துவிட்டு "டாக்டருக்கு நீ எவ்வளவு குடுத்தே?" என்று கேட்ட வீடும் ஒன்று உண்டு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது, கோட்டாட்சியரிடம் மனுப் போட்டால் பிள்ளைகளிடமிருந்து மாதம் ஒரு தொகை வாங்கித்தருவார்கள். ஆனால் அந்தக் கதவைத் தட்டிவிட்டு அப்புறம் ஒரே பந்தியில் உட்கார முடியாது. கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களால் வர முடியாது என்றால் வேலையாளுக்கான பணத்தைப் பங்கு போடச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் வேறொருவர் வந்து பார்த்தாலும் உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

நான் சொன்னதில் எது உறுதி, எது இழுபறி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள்: நோயுற்ற துணையைக் கவனித்து, அதனால் சிரமப்படுகிற முதியவர்கள் நாலு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்றது. அதைப் படித்துப் பயப்படாதீர்கள். பிறகு வந்த பெரிய ஆய்வுகளில், பராமரிப்பவர்கள் மொத்தமாகப் பார்த்தால் மற்றவர்களைவிடக் குறைவாக இறந்திருப்பதும் தெரிகிறது. நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்றால், பார்த்துக்கொள்வது கொல்லாது, மாற்றுக்கு ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது உடம்பைத் தின்னும். இது என் கணிப்பு, நிரூபணம் இல்லை. கோவாவில் மறதி நோயாளிகளின் வீடுகளுக்கு, பயிற்சி கொடுத்த சாதாரண உள்ளூர் ஆட்களை அனுப்பிப் பேசவும் வழி சொல்லவும் வைத்தார்கள்; 2008-ல் முடிவு வந்தது. பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தேறியது. 81 குடும்பம்தான், சின்ன ஆய்வு, ஆனால் நம் நாட்டில் நடந்தது என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

இன்னொன்று உங்களுக்காகவே சொல்கிறேன். வாதம் வந்தவர்களின் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் பயிற்சி செய்யவைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா என்று இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் மரணத்திலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் இல்லை. மூட்டு இறுகாமல் இருக்கக் கைகாலை மடக்கி நீட்டுவதை இதற்காக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு. ஆனால் "நான் இன்னும் நன்றாகப் பயிற்சி கொடுத்திருந்தால் அத்தை எழுந்து நடந்திருப்பார்" என்று இரவு மூன்று மணிக்கு ஓடுகிற எண்ணம் இருக்கிறதே, அதற்கு இந்த ஆய்வைக் காட்டுங்கள்.

குடும்ப டாக்டரால் ஆகாதவையும் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் வேலையை மாற்ற முடியாது. இரவுக்கு ஆள் அனுப்ப முடியாது. எங்களில் பலர் இப்போது வீட்டுக்கு வந்து பார்ப்பதையே விட்டுவிட்டோம், அது எங்கள் குறைதான். மாதம் ஒரு தடவை போனில் பேசி மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள், பழகினவர் என்றால் சம்மதிப்பார். மனசு விட்டுப் பேச நடு இரவிலும் 14416-ஐக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567, அது காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. கோபத்தில் மாமியாரை ஒரு அடி அடித்துவிட்டேன் என்றோ, நான் செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றோ இருந்தால் டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். என்னிடம் அப்படிச் சொன்ன யாரையும் நான் கெட்ட மருமகள் என்று நினைத்ததில்லை. அவர்களில் பலர் மூன்று வருடமாக ஒரு இரவுகூட முழுசாகத் தூங்காதவர்கள்.

காற்று மெத்தை கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், மோட்டார் வைத்துக் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் வகையாக வாங்குங்கள். வாங்கிவிட்டோம் என்று திருப்பிப் படுக்கவைப்பதை விட்டுவிடக் கூடாது. புண் எதுவும் வராமல் தோல் நன்றாக இருந்தால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதை நீட்டலாமா என்று பார்த்துச் சொல்ல டாக்டரிடம் தோலைக் காட்டுங்கள், குண்டிக்கு மேலும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா என்று. மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் மூன்று போர்வையும் போட்டால் மெத்தை போட்ட பலன் போய்விடும், ஒரு மெல்லிய துணி போதும். நம் பக்கம் கரண்ட் போனால் காற்று இறங்கிவிடுகிறது. படுக்கும் முன் அவர் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை.